பொதுக் கோப்பும் பலர் திருத்தமும்

அகராதித் தொகுப்பு, பெருநூல் மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் பலர் ஒரே கோப்பில் பணியாற்ற நேர்கிறது. வலையமைப்பிலுள்ள பொதுக் கோப்பை இருவர் ஒரே வேளையில் திறப்பதாகக் கொள்க. முதலாமவர் ஒரு சொற்பதிவுக்குப் புதிய பொருளைச் சேர்த்துச் சேமிக்கிறார். முன்னரே திறந்து வைத்திருந்த தம் படியை இரண்டாமவர் பின்னர்ச் சேமிக்கிறார். அந்தப் படியில் புதிய பொருள் இல்லை. ஆதலின் அது தடமின்றி அழிகிறது.

இதனைத் தவிர்க்க எழுந்த எளிய வழி பூட்டுமுறை. வால்டர் டிச்சி 1982இல் வெளியிட்ட ஆர்.சி.எஸ். என்னும் மென்பொருள் இம்முறையைக் கையாண்டது. ஒருவர் திருத்துகையில் ஏனையோர் படிக்க மட்டுமே இயலும். பூட்டியவர் விடுப்பில் சென்றுவிட்டால் பணி தடைப்படும் என்பது இதன் குறை. டிக் கிரூன் 1986இல் தொடங்கிய சி.வி.எஸ். வேறு வழியை மேற்கொண்டது. ஒவ்வொருவரும் தத்தம் படியில் திருத்த, மென்பொருள் அவற்றை வரிவரியாக ஒப்பிட்டு இணைக்கிறது. இருவரும் ஒரே வரியை மாற்றியிருந்தால் முடிவைப் பயனரிடமே விடுகிறது. 2005இல் தோன்றிய கிட் மென்பொருளும் இவ்வழியினதே. ஆகவே ஒரு பத்தி முழுவதையும் ஒரே வரியாக வைப்பதினும் தொடர்தோறும் வரி பிரிப்பது மொழிபெயர்ப்பாளருக்கு நன்று.

தமிழில் மற்றொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்பதன் உயிர்க்குறியை யுனிகோடில் ஒரே குறியெண்ணாலும், ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரு குறியெண்களாலும் எழுதலாம். தரநிலை இரண்டையும் நிகரெனவே கொள்கிறது, கண்ணுக்கும் வேறுபாடில்லை. குறியெண் அளவில் ஒப்பிடும் மென்பொருளுக்கோ அவை வெவ்வேறு. குழுவில் ஒருவரது செயலி இவ்வடிவத்தை மாற்றிச் சேமித்தால், எவரும் திருத்தாத வரிகளும் திருத்தப்பட்டனவாகத் தோன்றும். உண்மையான திருத்தம் அவற்றினிடையே மறையும். பொதுக் கோப்பில் சேர்க்குமுன் எல்லாப் படிகளையும் என்.எஃப்.சி. என்னும் இயல்பாக்க வடிவுக்குக் கொணர்வதே இதற்குத் தீர்வு.