காப்புப் பருவத்திற்கு முன்

பிள்ளைத்தமிழ் பயின்ற மாணவரை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் பத்துப் பருவங்களையும் வரிசை தவறாமல் கூறிவிடுவர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று அவை தொடரும். காப்புப் பருவத்தை மூன்றாம் திங்களிலும் செங்கீரையை ஐந்தாம் திங்களிலும் வைத்து எண்ணுவது வழக்கம். அப்படியானால் பிறந்த நாளுக்கும் காப்புப் பருவத்திற்கும் இடையே உள்ள நாள்களில் குழந்தை என்ன செய்கிறது? தேர்வுக்காகப் படித்த காலத்தில் இக்கேள்வி எனக்குத் தோன்றவில்லை. சென்ற ஆண்டு என் தமக்கைக்குப் பிறந்த பெண் குழந்தைதான் அதனை என்னுள் எழுப்பிற்று.

என் தமக்கை கழக்கூட்டத்தில் குடியிருக்கிறாள். டெக்னோபார்க்கில் அவளுக்கும் அத்தானுக்கும் வேலை. காரியவட்டம் வளாகத்திலிருந்து பேருந்தில் ஏறினால் சில மணித்துளிகளில் அவர்கள் வீடு வந்துவிடும். ஆதலின் ஞாயிறுதோறும் எனக்கு அங்கேதான் சாப்பாடு. கருவுற்ற 29ஆம் வாரத்தில் ஓர் இரவு அவளுக்கு வலி கண்டது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். வலியைத் தணித்து ஓரிரு நாள் தள்ளிப்போட மருத்துவர் முயன்றார். மறுநாள் இரவே குழந்தை பிறந்துவிட்டது. எடை 1,240 கிராம். நம் அகராதித் தொகுதி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதைவிடவும் இலேசாக இருந்தாள்.

விடிந்ததும் நாகர்கோவிலிலிருந்து அம்மா வந்து சேர்ந்தார். வந்தவுடன் அவர் கேட்ட கேள்வி, “ஏழாம் மாசமா, எட்டாம் மாசமா?” என்பதே. ஏழில் பிறந்தது பிழைக்கும், எட்டில் பிறந்தது தங்காது என்பது நம் ஊர்களில் நெடுங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. “ஏழாம் மாசந்தான் மக்களே, தங்கிரும்” என்று அக்காவுக்கு அவர் ஆறுதல் கூறினார். உண்மை இதற்கு நேர்மாறானது. கருவறையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு ஊதியமே; ஏழில் பிறந்ததைவிட எட்டில் பிறந்த குழந்தைக்கே வலு மிகுதி. எனினும் அந்த வேளையில் அம்மாவைத் திருத்த எவருக்கும் மனம் வரவில்லை.

அம்மாவின் அறியாமையைச் சொல்லிவிட்டேன். என்னுடையதையும் சொல்லிவிட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவினுள் தாயும் தந்தையும் மட்டுமே செல்லலாம். நான் நாள்தோறும் மாலையில் தொலைபேசியில் அக்காவை அழைத்து, “இன்று எடை எவ்வளவு?” என்று கேட்டேன். 1,240 என்பது 1,205 ஆயிற்று, பிறகு 1,170, ஆறாம் நாள் 1,130. ஆறாம் நாள் அக்கா அழுதுவிட்டாள். “தம்பி, இத விட்டா ஒனக்கு வேற ஒண்ணும் கேக்கத் தெரியாதாடே?” என்றாள். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பின்னர் மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டும், நூல்களில் படித்தும் நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நம்மில் எவருக்கேனும் இந்நிலை நேர்ந்தால், எனக்கு நேர்ந்த தவறு அவருக்கு நேராதிருக்கட்டும்.

முதலில் அறிய வேண்டியது, பிறந்த சில நாள்களில் எடை குறைவது இயல்பு என்பதே. நிறைமாதக் குழந்தைக்கும் குறையும். குறைமாதக் குழந்தையின் உடலில் நீர் மிகுதியாகையால் பத்தில் ஒரு பங்கு வரையிலும் அதற்குச் சற்று மேலும் குறையலாம். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பி வரும். ஆகவே முதல் வாரத்தில் எடையைக் கேட்பவன், கேட்கக் கூடாததைக் கேட்கிறான். கேட்க வேண்டியவை மூச்சு, வெம்மை, பால் என்னும் மூன்று.

மூச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். கருவறையில் குழந்தையின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கும். உயிர்வளி தொப்புள்கொடி வழியே தாயிடமிருந்து வரும். பிறந்தவுடன் அந்த நுரையீரல் காற்றால் விரிய வேண்டும். புதிய பலூனை முதன்முறை ஊதும்போது கன்னம் வலிக்கிறதல்லவா? சிறிது காற்றை உள்ளே நிறுத்தி வைத்தால் அடுத்த ஊதல் எளிதாகிவிடும். நுரையீரலின் சிற்றறைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளாதபடி காப்பது, அவற்றின் உட்புறத்தில் படர்ந்துள்ள ஒரு பொருள். சோப்பு நீரின் இழுவிசையைத் தளர்த்துவதுபோல, அச்சிற்றறைகளின் ஈரப்பரப்பை இது தளர்த்தும். சர்பாக்டன்ட் என்பது இதன் பெயர். கருவின் 24ஆம் வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கி, 35ஆம் வாரம் அளவில்தான் இது போதிய அளவை எட்டுகிறது.

இப்பொருள் குறைவதே குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்று மேரி எல்லன் ஏவரி என்னும் அம்மையாரும் ஜியர் மீடும் அமெரிக்காவில் 1959இல் எடுத்துக்காட்டினர். காரணம் தெரிந்தது, மருந்து கிடைக்கவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். எடை ஏறத்தாழ 2,100 கிராம். இந்நோயால் அவன் 39 மணி நேரத்தில் இறந்தான். செல்வமும் அதிகாரமும் அன்று உதவவில்லை. ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாராவும் அவர் குழுவினரும் மாட்டின் நுரையீரலிலிருந்து பெற்ற சர்பாக்டன்டைக் குழந்தைகளுக்கு அளித்துப் பயன் கண்டதை 1980இல் வெளியிட்டனர். அம்மருந்தைத்தான் எங்கள் குழந்தையின் மூச்சுக்குழலுள் மெல்லிய குழாய் வழியே செலுத்தினார்கள். பேறு நேருமுன் அக்காவுக்கு ஊசி ஒன்றும் போட்டிருந்தார்கள். கருவிலுள்ள குழந்தையின் நுரையீரலை விரைந்து பக்குவப்படுத்தும் ஸ்டீராய்டு மருந்து அது. நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி என்னும் இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு அடிப்படை. ஓர் இரவைத் தள்ளிப்போட மருத்துவர் ஏன் பாடுபட்டார் என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

மருந்தளித்த பிறகும் மூக்கின் வழியே இடைவிடாத காற்றழுத்தம் தந்தனர். ‘சீபேப்’ என்று மருத்துவமனையில் வழங்குவது இதனையே. பலூன் முழுதும் சுருங்கிவிடாமல் காக்கும் வேலையை அது செய்கிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. குறைமாதக் குழந்தையின் மூளை மூச்சை ஆளும் கலையை இன்னும் முழுதும் கற்கவில்லை. ஆகையால் சில வேளை இருபது நொடிக்கு மேலும் மூச்சு நின்றுவிடும். கருவி ஒலிக்கும். செவிலியர் ஓடிவந்து உள்ளங்காலை விரலால் தட்டுவார். குழந்தை நினைவு வந்தாற்போல மூச்சை இழுக்கும். இதற்குத் தரும் மருந்து யாது தெரியுமா? நாம் தேர்வுக் காலத்தில் காப்பியில் நாடும் அதே காஃபீன்தான்!

அடுத்தது வெம்மை. இக்குழந்தைகளுக்குத் தோலின்கீழ்க் கொழுப்பு இல்லை. எடையை நோக்க உடற்பரப்போ மிகுதி. வெப்பம் விரைவில் வெளியேறிவிடும். குளிர்ந்த குழந்தை, வளர வேண்டிய ஆற்றலையெல்லாம் சூட்டுக்கே செலவிடும். பாரிசு மகப்பேற்று மருத்துவர் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு, 1880ஆம் ஆண்டை ஒட்டிக் குழந்தைகளுக்கும் அத்தகைய வெப்பப் பெட்டியை அமைக்கச் செய்தார். இன்றைய இன்குபேட்டருக்கு அதுவே முன்னோடி.

பெட்டியைவிடச் சிறந்த இடம் ஒன்று உண்டு. அது தாயின் மார்பு. கொலம்பிய நாட்டின் பொகோட்டா நகரில் வெப்பப் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகளைக் கிடத்தும் நிலை இருந்தது. மருத்துவர் எட்கர் ரே 1978இல் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காருவின் பை நினைவால் அதற்குக் கங்காரு முறை என்று பெயராயிற்று. ஏழை நாட்டின் மாற்றுவழி என்று கருதப்பட்ட அதுவே பின்னர் முதல்வழி ஆகிவிட்டது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கின் மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. உடல்நிலை சீர்ப்படும் வரை காத்திராமல் பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கிய குழந்தைகளில் இறந்தோர் நூற்றுக்கு 12. காத்திருந்து தொடங்கியவர்களில் நூற்றுக்கு 15.7. அடுத்த ஆண்டே உலகச் சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது.

அக்கா முதன்முதலில் குழந்தையை மார்பில் ஏந்திய நாள் எனக்கு நன்கு நினைவிருக்கிறது; நான் எடை கேட்பதை விட்ட மறுநாள் அது. கணிப்பொறியின்முன் நெடுநேரம் அமர்ந்து வேலை பார்த்ததுதான் குழந்தை முந்திப் பிறக்கக் காரணம் என்று அவள் தன்னையே நொந்துகொண்டிருந்தாள். குறைமாதப் பேற்றின் காரணம் பல வேளைகளில் புலப்படுவதே இல்லை என்றும், அவள் மீது பிழை இல்லை என்றும் மருத்துவர் இருமுறை சொல்லியும் அவள் மனம் ஏற்கவில்லை. குழந்தையை மார்பில் கிடத்தியபோது கைகள் நடுங்கின. செவிலியர், “பேடிக்கண்டா” என்றார். அஞ்ச வேண்டா என்பது அதன் பொருள். சற்று நேரத்தில் திரையில் குழந்தையின் இதயத் துடிப்புச் சீரடைந்தது. “நான் வெச்சிருந்தா அவளுக்குச் சரியாவுது, தம்பி” என்று அன்று மாலை அவளே என்னை அழைத்துக் கூறினாள்.

மூன்றாவது பால். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் ஆகிய மூன்றையும் ஒருசேரச் செய்யும் திறன் 34ஆம் வாரம் அளவில்தான் வரும். அதுவரை வாய் வழியே வயிற்றுக்குச் செல்லும் குழாயில் பால் புகட்டுவர். தொடக்கத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரே ஒரு மில்லிலிட்டர்! மற்றைய ஊட்டம் நரம்பு வழியே செல்லும். அந்தச் சில துளிகள் தாயின் சீம்பாலாக இருப்பது மிக நன்று. குடலைக் காத்து நோயைத் தடுப்பதில் அதற்கு நிகர் இல்லை. குழாய்க்கு அடுத்த படி பாலாடை. குழந்தையின் இதழில் மூக்கை வைத்துச் சிறிது சிறிதாகப் பால் வார்க்கும் அக்கலம் இன்றும் நம் மருத்துவமனைகளில் பயனில் உள்ளது. அதைக் கேட்ட அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. “இதானா? ஒன்னயும் சங்குலதான வளத்தேன்” என்றார்.

இவ்வாறு சொல்லும்போது ஏணிப்படி ஏறுவதுபோல் எல்லாம் நடந்ததாகத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. மூன்றாம் நாள் மஞ்சள் கண்டு நீல ஒளியின்கீழ்க் கிடத்தினர். இந்த ஒளிச் சிகிச்சைக்கு வித்திட்டவர் இங்கிலாந்தின் ராச்ஃபர்டு மருத்துவமனைச் செவிலியர் வார்டு. வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருந்ததை 1956இல் கண்டு மருத்துவர்க்குக் காட்டியவர் அவரே. மூன்றாம் வாரத்தில் நோய்த்தொற்று என ஐயுற்று இரண்டு நாள் பாலை நிறுத்தினர். விலக்கிய மூச்சுக்கருவியை மீண்டும் பொருத்தினர். நாங்கள் சோர்ந்துபோனோம். மருத்துவரோ, “இரண்டடி முன்னே, ஓரடி பின்னே, இதுதான் இக்குழந்தைகளின் நடை” என்றார். ஐந்து நாளில் கருவி மறுபடியும் விலகிற்று.

28ஆம் நாள் கண்ணைச் சோதித்தனர். உயிர்காக்கும் உயிர்வளியே மிகுந்தால் குறைமாதக் குழந்தையின் விழித்திரையைக் கெடுத்துவிடும். 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் மேலைநாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இவ்வாறு பார்வை இழந்த பின்னரே இவ்வுண்மை உறுதிப்பட்டது. அதனால்தான் இன்று உயிர்வளியை அளந்தே தருகின்றனர். கண்ணையும் தவறாமல் பார்க்கின்றனர். அவள் கண்களுக்குக் குறையில்லை.

எடையும் தானே ஏறிற்று. 14ஆம் நாள் பிறந்த எடைக்கு வந்தாள். அதன்பின் நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து கிராம். 51ஆம் நாள் 1,970 கிராமுடன் கழக்கூட்டம் வந்து சேர்ந்தாள். அப்போதும் அவள் பிறக்க வேண்டிய நாளுக்கு இன்னும் ஏறத்தாழ நான்கு வாரம் இருந்தது!

பிள்ளைத்தமிழுக்கு மீண்டும் வருகிறேன். ஐந்து திங்கள் நிறைந்தும் செங்கீரை ஆடவில்லையே என்று அண்டை வீட்டார் கேட்டனர். மருத்துவர் கணக்கு வேறு. குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பர். எங்கள் குழந்தைக்கு 11 வாரம் கழிக்க வேண்டும். ஏழரைத் திங்களில் ஒரு ஞாயிறன்று நான் சென்றபோது பாயில் கையூன்றித் தலை நிமிர்த்தி முகம் அசைத்தாள். 11 வாரத்தைக் கழித்துப் பார்த்தேன், ஐந்தாம் திங்கள். கணக்குச் சரியாகவே இருந்தது.

நண்பர்களே, உங்கள் உறவில் ஒரு குழந்தை முந்திப் பிறந்தால், “எடை எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். “இன்று குழந்தையை மார்பில் வைத்திருந்தாயா? பால் எவ்வளவு எடுத்தது?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்தத் தாய்க்கு ஒருவேளைச் சோறும் கொண்டுபோய்க் கொடுங்கள்.