கரையேறிய கலம்

நீரில் மிதப்பது கப்பலின் இயல்பு. அதனைக் கரையேற்றிக் காட்சிப்பொருளாக வைத்தால், அதன் உடல் தாங்குமா? இலண்டன் மாநகரின் கிரீனிச் பகுதியில், தேம்ஸ் ஆற்றங்கரையை அடுத்த உலர்துறையில் நிற்கும் ‘கட்டி சார்க்’ என்னும் பாய்க்கப்பலின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறும்.

இக்கப்பல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் கட்டப்பெற்று, 1869 நவம்பர் 22ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது. சீனத்துத் தேயிலையை விரைந்து இலண்டனுக்குக் கொணர்வதே இதன் நோக்கம். ஆனால், அதற்கு ஐந்து நாள் முன்னரே சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டுவிட்டது. நீராவிக் கப்பல்கள் அக்குறுக்கு வழியைப் பற்றிக்கொண்டன. செங்கடற் காற்று ஒத்துவராமையால், பாய்க்கப்பல்களோ ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வரவேண்டியிருந்தது. எனவே எட்டு முறை மட்டுமே தேயிலை ஏற்றிவந்த இக்கப்பல், 1883 முதல் ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றலாயிற்று. காற்று வலிமைமிக்க தென்கடல் வழியிலேதான் இது பெரும்புகழ் எய்தியது. 1889இல் ‘பிரிட்டானியா’ என்னும் நீராவிக் கப்பலையே கடலில் முந்திச் சென்றது.

இவ்விரைவுக்குக் காரணம் யாது? கப்பலின் உள்ளே செல்வோர் அதனைக் கண்ணாற் காணலாம். இதன் விலா எலும்புகள் இரும்பு, மேனி மரப்பலகை. முழுதும் மரமாயின், தடித்த சட்டங்கள் சரக்குக்குரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். முழுதும் இரும்பாயின், அடிப்புறத்தில் செம்புத்தகடு போர்த்த இயலாது. உப்புநீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் இரும்பு விரைவில் அரிக்கப்படும். தகடு இல்லையேல் சிப்பியும் பாசியும் ஒட்டி வேகத்தைக் குறைக்கும். ஆகவே இடையே பலகையை வைத்து, அதன்மேல் செம்பும் துத்தநாகமும் கலந்த தகட்டைப் போர்த்தினர். நுண்ணிய ஏற்பாடு அன்றோ!

எனினும் வலிமை தந்த அவ்விரும்பே பின்னர் நோய்க்கும் இடமாயிற்று. பல்லாண்டுக் கடலுப்பு மரத்திலும் இரும்பிலும் ஊறித் துருவை வளர்த்தது. 1895இல் போர்த்துக்கேசியர் கைக்கு மாறிய கப்பலை, 1922இல் டவ்மன் என்னும் கப்பற்றலைவர் மீட்டார். 1954இல் உலர்துறை சேர்ந்த இது, 1957இல் எலிசபெத் அரசியாரால் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது.

துறையில் மற்றோர் இடர் தோன்றியது. நீரில் மிதக்கும்போது கப்பலின் உடலெங்கும் நீர் தாங்கும். தரையிலோ பாரமெல்லாம் அடிமரத்தின்மேல் விழும். ஆதலால் உடல் மெல்ல மெல்ல உருக்குலையத் தொடங்கியது. இவற்றைச் செப்பஞ்செய்யும் பணி நடக்கையில், 2007 மே 21ஆம் நாள் தீப்பற்றியது. அணைக்காமல் விட்டுச்சென்ற தூசு உறிஞ்சும் பொறியே பெரும்பாலும் காரணமாயிருக்கும் என்று விசாரணை கூறியது. நல்வாய்ப்பாகப் பாய்மரங்களும் பல பலகைகளும் முன்னரே கழற்றி வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தன. இரும்புச் சட்டகமும் பெரும்பாலும் தப்பியது.

2012 ஏப்ரலில் கப்பல் மீண்டும் திறக்கப்பட்டது. எஃகுத் தாங்கிகள் அதனை மூன்று மீட்டருக்குமேல் உயர்த்திப் பிடித்திருக்கின்றன. நீர்மட்டம் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடிக்கூரை சூழ்ந்துள்ளது. காண்போர் அடியிற் சென்று, புதுத்தகடு பளபளக்கும் வயிற்றுப்பகுதியை அண்ணாந்து பார்க்கலாம். இவ்வமைப்பை எல்லோரும் பாராட்டவில்லை. கப்பலின் வடிவழகைக் கண்ணாடி மறைக்கிறது என்று கட்டடக்கலைஞர் சிலர் கடிந்தனர். அக்குறையில் உண்மையுண்டு, ஆயினும் உடல் குலைந்தபின் வடிவழகுக்கு இடமேது?

பழம்பொருளை ஓரிடத்தில் நிறுத்திவிடுவதே பேணல் ஆகாது. அது எதனால் ஆனது, எதனால் அழிகிறது என்று அறிந்து, நாள்தோறும் காப்பதே பேணலாகும். இதனை மாணவர்க்கு உணர்த்த இக்கலத்தினும் சிறந்த பாடம் கிடைத்தல் அரிது.