பணம் கட்டிப் படிப்பவர்கள் ‘ஏழை’ என்று கத்தியபோது

2024 நவம்பர் நடுவில், பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்தில் உள்ள அமெரிக்கானா என்ற ஊரில் சட்டக் கல்லூரிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஹேண்ட்பால் ஆட்டம் ஒன்றில் ஒரு பக்கம் சாவோ பாலோ பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி, எதிர்ப்பக்கம் அதே நகரின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி. கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆதரவாளர்கள் நின்ற இடத்திலிருந்து சில மாணவர்கள் எதிரணியைப் பார்த்து “ஏழை”, “கோட்டாவில் வந்தவன்” என்று கூச்சலிட்டார்கள். கைபேசியில் பதிவான காணொளி நாடு முழுக்கப் பரவியது. கத்தியவர்களில் சிலரைப் பயிற்சிக்கு எடுத்திருந்த பெரிய சட்ட நிறுவனங்கள் சில நாட்களிலேயே அவர்களை அனுப்பிவிட்டன. இரண்டு பல்கலைக்கழகங்களும் கண்டனம் வெளியிட்டன.

இதில் வெளியாட்களுக்குச் சட்டென்று பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. வசை வாங்கியவர்கள் படிக்கும் சட்டப் பள்ளி 1827-ல் தொடங்கியது. பிரேசிலின் குடியரசுத் தலைவர்கள் பலர் அங்கே படித்தவர்கள். அங்கு இடம் பிடிப்பதுதான் கடினம், பிடித்துவிட்டால் கட்டணம் கிடையாது. கத்தியவர்கள் படிப்பதோ மாதாமாதம் பணம் கட்ட வேண்டிய தனியார் பல்கலைக்கழகத்தில். நாட்டின் பெருமைமிக்க சட்டப் பள்ளிக்குள் தேர்வெழுதிப் போனவர்களைத்தான் பணம் கட்டிப் படிப்பவர்கள் ‘ஏழை’ என்று கேலி செய்தார்கள். வெறும் பணத்திமிர் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கைவிட்டுப் போன ஒன்றின் மீதான ஆத்திரமும் அந்தக் கூச்சலில் இருந்தது.

பிரேசிலின் கல்வி அமைப்பு தலைகீழாகக் கட்டப்பட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள்; ‘குர்சின்யோ’ எனப்படும் பயிற்சி மையத்திலும் சேர்ந்து நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறார்கள். பல்கலைக்கழகம் வரும்போது கதை மாறுகிறது. தரமான பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அரசினுடையவை. அங்கே கல்வி இலவசம் என்று 1988 அரசியலமைப்பே சொல்கிறது. பள்ளிக்குப் பணம் கட்டியவர்கள் அந்த இலவச இடங்களைப் பிடித்தார்கள். இலவசப் பள்ளியில் படித்தவர்கள் பகலில் வேலை பார்த்து, இரவில் தனியார் கல்லூரிக்குக் கட்டணம் கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த இந்த ஏற்பாட்டுக்குத் தகுதி என்று பெயர்.

இதற்குள் நிறம் எங்கே வருகிறது? அட்லாண்டிக் கடல் வழியாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் பிரேசிலில்தான் இறக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களில் அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடும் அதுதான், 1888-ல். விடுதலை கொடுத்தார்கள், நிலமோ பள்ளியோ கொடுக்கவில்லை. 2022 மக்கள்தொகைக் கணக்கில் 45.3% பேர் தங்களைப் ‘பார்து’, அதாவது கலப்பு நிறத்தவர் என்றும், 10.2% பேர் கறுப்பர் என்றும், 43.5% பேர் வெள்ளையர் என்றும் பதிந்துகொண்டார்கள். அரசுப் பள்ளி, குறைந்த வருமானம், கறுத்த தோல் ஆகிய மூன்றும் அங்கே ஒரே வீட்டில் சேர்ந்திருப்பது சாதாரணம். ஆகவே ‘ஏழை’ என்று கத்துகிறவர் நிறத்தைச் சொல்லாமலே நிறத்தையும் சொல்லிவிடுகிறார்.

இட ஒதுக்கீடு என்றால் புதிதாக வந்த தொற்று என்பதுபோலப் பேசுகிறவர்களுக்கு ஒரு பழைய சட்டத்தை நினைவூட்டலாம். ராணுவ ஆட்சிக் காலத்தில், 1968-ல், வேளாண்மை, கால்நடை மருத்துவப் படிப்புகளில் பாதி இடங்களைக் கிராமப்புற விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினார்கள். மக்கள் அதற்கு ‘மாட்டுச் சட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். எழுத்தளவில் நிலம் இல்லாதவருக்கும் அதில் இடம் உண்டு. நடைமுறையில் பலன் பெற்றவர்கள் பெரும்பாலும் பண்ணை முதலாளிகளின் பிள்ளைகள். 1985-ல் அது ரத்தாகும் வரை, அந்தப் பிள்ளைகளின் தகுதியைப் பற்றி நாடு இப்படிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போதைய ஒதுக்கீடு கறுப்பின இயக்கங்கள் பல்லாண்டு போராடிப் பெற்றது. ரியோ டி ஜெனிரோ மாநிலப் பல்கலைக்கழகம் 2003-ல் ஒதுக்கீட்டைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பிரேசிலியா பல்கலைக்கழகம் 20% இடங்களைக் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கியது. எதிர்த்து ஒரு வலதுசாரிக் கட்சி உச்ச நீதிமன்றம் போனது. 2012 ஏப்ரலில் நீதிபதிகள் ஒருமனதாக ஒதுக்கீடு செல்லும் என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நாடு தழுவிய சட்டம் வந்தது. அதன் கணக்கு இப்படிப் போகும்: மத்திய அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடப்பிரிவுக்கு 100 இடம் என்றால், 50 இடம் உயர்நிலைப் பள்ளிக் கல்வி முழுவதையும் அரசுப் பள்ளியில் முடித்தவர்களுக்கு. அதில் பாதி குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு. இந்த இரண்டு பாதியிலும், அந்தந்த மாநில மக்கள்தொகையில் உள்ள விகிதப்படி கறுப்பர், கலப்பு நிறத்தவர், பூர்வகுடியினருக்கு இடம். நிறம் மட்டும் தனியாக நின்று இடம் வாங்கித் தராது. கறுப்பின மருத்துவரின் மகள் தனியார் பள்ளியில் படித்திருந்தால் அவளுக்கு இந்தச் சட்டத்தில் ஒதுக்கீடு இல்லை.

தமிழ்நாட்டில் 2020-ல் வந்த 7.5% உள் ஒதுக்கீட்டை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாக இருக்காது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் இடம் ஒதுக்கிய அந்தச் சட்டமும், பள்ளியைத்தான் வர்க்கத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. வருமானச் சான்றிதழைப் போலியாக வாங்கலாம். ஏழு ஆண்டு அரசுப் பள்ளியில் உட்கார்ந்திருந்ததைப் போலியாகக் காட்டுவது கடினம்.

சாவோ பாலோ பல்கலைக்கழகம் மாநில அரசினுடையது என்பதால் 2012 சட்டம் அதைக் கட்டுப்படுத்தவில்லை. அது கடைசிவரை இழுத்தடித்து 2017-ல்தான் ஒதுக்கீட்டுக்கு ஒப்புக்கொண்டது; படிப்படியாக உயர்த்தி 2021-ல் பாதி இடங்களை எட்டியது. அமெரிக்கானா மைதானத்தில் விளையாடியவர்கள் இந்த மாற்றத்துக்குப் பிறகு நுழைந்த தலைமுறை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2018-ல் அரசு உயர்கல்வி நிறுவன மாணவர்களில் கறுப்பர், கலப்பு நிறத்தவர் பங்கு 50.3% ஆனது. பாதியைத் தாண்டியது அதுவே முதல் முறை.

எண்ணிக்கை மாறிய வேகத்தில் வளாகத்தின் மனம் மாறவில்லை. 2013-ல் மினாஸ் ஜெராய்ஸ் மத்தியப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் புதியவர்களை ‘வரவேற்கும்’ ராகிங்கில் ஒரு மாணவியின் உடம்பில் கறுப்புச் சாயம் பூசி, கைகளைச் சங்கிலியால் பிணைத்து, 18-ஆம் நூற்றாண்டின் அடிமைப் பெண் சிக்கா டா சில்வாவின் பெயரை அட்டையில் எழுதி மாட்டினார்கள். சங்கிலியின் மறுமுனையைச் சிரித்தபடி பிடித்துக்கொண்டு நிற்கிறார் ஒரு சீனியர். அந்தப் புகைப்படம் வெளியே வந்த பிறகுதான் விசாரணை. 2018-ல் சாவோ பாலோவின் பெயர்பெற்ற தனியார் வணிகக் கல்லூரி ஒன்றில், சக மாணவர் உட்கார்ந்திருந்ததைப் படமெடுத்து, இந்த அடிமையின் சொந்தக்காரர் யார் என்ற பொருளில் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டார் ஒருவர். மூன்று மாத இடைநீக்கம் கிடைத்தது.

இவை செய்தியானவை. செய்தியாகாதது அன்றாடம். சாவோ பாலோ பல்கலைக்கழகத்தின் மாணவர் உணவகத்தில் சாப்பாடு 2 ரியால். சிலருக்கு அது ஒரு வேளைச் சிக்கனம், சிலருக்கு அன்றைய ஒரே முழுச் சாப்பாடு. 1963 விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டிய குடியிருப்புதான் இன்றும் அங்கே ஏழை மாணவர்களின் விடுதி. கேட்கும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. இரண்டு பேருந்தும் ஒரு ரயிலும் மாறி வருகிறவர், வகுப்பு முடிந்ததும் பீர் குடிக்கப் போகும் கூட்டத்தில் இருக்க மாட்டார். அந்தக் கூட்டத்தில்தான் பயிற்சி வேலைக்கான அறிமுகங்கள் கிடைக்கின்றன. யாரும் யாரையும் திட்டத் தேவையே இல்லை. ஒதுக்குதல் தானாக நடக்கிறது.

வர்க்க வெறுப்பு மாணவர்களோடு நிற்பதும் இல்லை. 2021-ல் பொருளாதார அமைச்சராக இருந்த பாவ்லோ கெடெஸ், தன் குடியிருப்புக் காவலாளியின் மகன் தேர்வில் பூஜ்யம் வாங்கியும் அரசுக் கல்விக்கடன் கிடைத்தது என்று கேலியாகச் சொன்னார். காவலாளி மகன் கல்லூரிக்குப் போவதே ஒரு நகைச்சுவை என்பதுபோல இருந்தது அந்தப் பேச்சு.

இந்த மனநிலையை எந்த ஆய்வறிக்கையையும்விட நன்றாகக் காட்டியது ஆனா முய்லார்ட் 2015-ல் எடுத்த படம்: ‘அவள் எத்தனை மணிக்குத் திரும்புவாள்?’ சாவோ பாலோவின் ஒரு பணக்கார வீட்டில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணின் மகள், நுழைவுத் தேர்வு எழுத ஊரிலிருந்து வருகிறாள். கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்கிறாள். முதலாளி வீட்டில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அவள் நீச்சல் குளத்தில் இறங்க நேர்கிறது. வீட்டு அம்மாள் எலியைப் பார்த்ததாகச் சொல்லித் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றச் சொல்கிறாள். பிறகு தேர்வு முடிவு வருகிறது. வேலைக்காரி மகள் தேறுகிறாள். முதலாளி மகன் தேறவில்லை. ஒதுக்கீட்டைப் பற்றிய பிரச்சாரம் எதுவும் இல்லாத படம் அது. ஆனால் அந்த எலியும் 2024-ன் கூச்சலும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

சட்டம் இதற்கு என்ன செய்யும்? இனவெறி 1989 சட்டப்படி குற்றம். 2023 ஜனவரியில் வந்த திருத்தம், ஒரு தனிமனிதரை நிறம் சொல்லி இழிவுபடுத்துவதையும் இனவெறிக் குற்றத்துக்கு இணையாக்கியது. ‘ஏழை’ என்று இழிவுபடுத்துவதற்கு அதே கனத்தில் ஒரு பிரிவு இல்லை. சட்டம் படிப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. நிறத்தைச் சொன்னால் வழக்கு. கோட்டாவைச் சொன்னால், அது நிறமா வருமானமா என்று வாதிட இடம் இருக்கிறது.

ஒதுக்கீட்டிலும் சிக்கல்கள் உண்டு, மறைப்பதில் பயனில்லை. யார் கறுப்பர் என்பதை மாணவரே சொல்லலாம் என்றுதான் பல பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்தது. வெள்ளைத் தோலோடு சிலர் விண்ணப்பித்து இடம் வாங்கியதும், சரிபார்ப்புக் குழுக்கள் வந்தன. குழு பார்ப்பது தோற்றத்தை; பாட்டி கறுப்பர் என்ற வாதம் அங்கே எடுபடாது. குழுக்களும் தவறும்: 2007-ல் பிரேசிலியா பல்கலைக்கழகத்தில் ஒரே அச்சான இரட்டையர்களின் புகைப்படங்களைப் பார்த்து ஒருவரைக் கறுப்பர் என்றும் மற்றவரை இல்லை என்றும் முடிவு செய்தார்கள். முறையிட்ட பிறகே இரண்டாமவருக்கு அனுமதி கிடைத்தது. சாதிச் சான்றிதழ் வழக்குகளைப் பார்த்துப் பழகிய நமக்கே தலை சுற்றும் சங்கதி இது.

2023 நவம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். வருமான வரம்பு, ஆளுக்கு ஒன்றரைக் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்து ஒன்றாகக் குறைந்தது. தப்பிய அடிமைகள் உருவாக்கிய ‘கிலோம்போ’ ஊர்களின் வாரிசுகள் சேர்க்கப்பட்டார்கள். இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. அதுவரை ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தவர் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் ஒதுக்கீட்டு இடத்திலேயே கணக்கில் வந்தார். இனி முதலில் பொதுப் பட்டியலில் பார்ப்பார்கள். அதில் வராவிட்டால்தான் ஒதுக்கீடு. நம் ஊரில் நெடுநாளாக இருக்கும் இந்த நடைமுறை அங்கே வந்துசேர இருபது ஆண்டு ஆகியிருக்கிறது. 2024 ஜூலையில், மாணவர்களின் தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்துக்கான உதவித் திட்டமும் அரசாணை நிலையிலிருந்து சட்டமாக உயர்ந்தது. பணம் எவ்வளவு என்பது ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட்டைப் பொறுத்தது.