வீட்டு இணையமும் கதவு எண்ணும்

கோயில் உள்ள ஊர்களில் பெரும்பாலும் ஒரு சன்னதித் தெரு இருக்கும். "12, சன்னதித் தெரு" என்று மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் அது திருப்பரங்குன்றம் வந்து சேருமா? ஊர்ப் பெயரும் 625005 என்ற அஞ்சல் எண்ணும் வேண்டும். ஊருக்குள் விசாரிப்பவருக்கோ தெருவும் கதவு எண்ணுமே போதும். வீட்டு இணையத்தின் முகவரி முறையும் ஏறக்குறைய இதுவே. இதனை விளங்கிக்கொண்டால் "நெட் வரவில்லை" என்னும் குறைகளுள் பலவற்றை நாமே தீர்த்துக்கொள்ளலாம் என்பது என் துணிபு.

இருவகை முகவரி

இணையத்தில் சேரும் கருவிக்கு ஐபி முகவரி என்னும் எண் வேண்டும். 1981இல் வகுக்கப்பட்ட முறைப்படி ஏறத்தாழ 429 கோடி எண்களே உண்டு. அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் நாள் தீர்ந்துபோயிற்று. தட்டுப்பாடு வரும் என்பதை முன்னரே உணர்ந்தவர்கள், வீடுகளும் அலுவலகங்களும் தமக்குள் வழங்கிக்கொள்ளச் சில எண்வரிசைகளை ஒதுக்கினர். 192.168 எனத் தொடங்குவது அவற்றுள் ஒன்று. 192.168.1.5 என்ற எண் நம் வீட்டிலும் இருக்கலாம். திருநகரில் ஒரு வீட்டிலும் இருக்கலாம். ஊர்தோறும் உள்ள சன்னதித் தெருவைப் போன்றது அது. நம் கருவிகள் வெளியே அனுப்பும் செய்திக்கு ரௌட்டர் தன் வெளி முகவரியை இட்டு அனுப்பி, வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கிறது. வீட்டுக்குள் எண்களைப் பங்கிடுவதும் அதுவே. அப்பணிக்கு டிஎச்சிபி என்று பெயர்.

எண் காட்டும் நோய்

ஆகவே, இணையம் வராதபோது முதலில் பார்க்க வேண்டியது நம் கருவி பெற்றுள்ள எண்ணையே. கைப்பேசியில் வைஃபை விவரத்திலும், விண்டோஸ் கணினியில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையிலும் அது தெரியும். கணினி 169.254 எனத் தொடங்கும் எண்ணைக் காட்டினால், ரௌட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கம்பியையும் ரௌட்டரையும் கவனிக்க வேண்டும். 192.168 எண் சரியாக இருந்தும், கேட்வே எனப்படும் ரௌட்டரின் பக்கம் திறந்தும் இணையம் இல்லையெனில், குறை பெரும்பாலும் ரௌட்டருக்கு அப்பால் உள்ளது.

ஒரே எண், இரு பெட்டிகள்

எங்கள் தெருவில் நான்கு குடும்பங்கள் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் வீடு ஒன்று உண்டு. கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளன்று அங்கே இணையம் சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. வந்தவர்க்கும் விட்டுவிட்டு வந்தது. விண்ணப்பிக்க வேண்டிய மாணவி அழாத குறை. மாடியில் புதிதாக இன்னொரு ரௌட்டரை இணைத்திருந்தனர். பழையதற்கும் புதியதற்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி! இரண்டும் எண்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. புதியதன் கம்பியைக் கழற்றியதும் பழையது ஒழுங்காயிற்று, விண்ணப்பமும் போயிற்று. பின்னர்ப் புதியதை மட்டும் மடிக்கணினியில் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என மாற்றி, டிஎச்சிபியை நிறுத்தி, லேன் துளை வழியாகப் பழையதுடன் சேர்த்தேன். இன்று இரண்டும் ஒற்றுமையாக உள்ளன.

பக்கம் திறக்காவிடில்

ரௌட்டரின் பக்கம் திறக்கவில்லையா? எல்லாப் பெட்டிக்கும் 192.168.1.1 தான் என்று கொள்ளலாகாது. கேட்வே என்ற இடத்தில் காணும் எண்ணையே பிரௌசரின் முகவரிப் பட்டையில் இடுக. கைப்பேசியாயின் மொபைல் டேட்டாவை நிறுத்துக. கடவுச்சொல் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். ரீசெட் பொத்தானை அழுத்துவது கடைசி மருந்து. இணைப்புக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதனால் அழியக்கூடும். அவற்றை முன்னரே குறித்து வைத்தல் நலம்.

தேனி தந்த பாடம்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்களோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கிராமக் கண் பரிசோதனை மையங்களையும் தொலைதூர வைஃபையால் இணைத்தனர். கிராமத்து நோயாளி மருத்துவரைத் திரையில் கண்டு ஆலோசனை பெற முடிந்தது. 2008இல் வெளிவந்த அவர்களது ஆய்வுரை ஓர் அரிய உபாயத்தைக் கூறுகிறது. வழக்கமான முகவரி தவறிப்போனாலும் அடுத்துள்ள பெட்டியிலிருந்து அணுகும்படி, ஒவ்வொரு ரௌட்டருக்கும் 169.254 வரிசையில் மாற்று முகவரி ஒன்றும் வைத்தனர். நம் வீட்டில் நோயின் அறிகுறியாக நிற்கும் அதே எண்வரிசை, அங்கே மீட்பு வழியாயிற்று!

தேர்வு முடிவும் உதவித்தொகை விண்ணப்பமும் இணையம் வழியே நடைபெறும் காலம் இது. கடைசி நாளில் கைபிசைந்து நிற்பதைவிட, ரௌட்டரின் முகவரி, கடவுச்சொல், இணைப்பின் பயனர் பெயர் ஆகிய மூன்றையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி வைப்போமாக.