தரையில் ஐந்து கோடு போடுங்கள்!

பியானோ அல்லது வயலின் கற்கும் உங்கள் பிள்ளையின் இசைப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகளுக்கு மேல் பென்சிலால் சி, ஈ, ஜி என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கிறதா? அப்படியானால் பிள்ளை படிப்பது அந்த எழுத்தைத்தான். எழுத்தை அழித்துவிட்டால் விரலும் நின்றுவிடும்.

தொடக்க கிரேடுகளைப் பல பிள்ளைகள் நினைவாற்றலாலேயே கடந்துவிடுகிறார்கள். ஆசிரியர் வாசித்துக் காட்டுவார். பிள்ளை கேட்டு மனனம் செய்துகொள்ளும். ஆனால், ஏபிஆர்எஸ்எம் செய்முறைத் தேர்வின் 150 மதிப்பெண்களில் 21 மதிப்பெண்கள் ‘சைட் ரீடிங்’ பகுதிக்கு உரியவை. முன்பின் பார்த்திராத சிறு பகுதியை அரை நிமிடம் பார்த்துப் பழகிவிட்டு வாசிக்க வேண்டும். மனனம் அங்கே கைகொடுக்காது.

மதிப்பெண்ணைவிடப் பெரிய இழப்பும் உண்டு. படிக்கத் தெரியாத பிள்ளை ஒவ்வொரு புதுப் பாடலுக்கும் ஆசிரியரையே எதிர்பார்க்கும். வகுப்பை நிறுத்திய பிறகு பியானோ வீட்டில் துணி மடித்து வைக்கும் மேசையாகிவிடுவது இதனாலும்தான்.

கோடுகள் ஓர் ஏணி

இசைக்குறிகளை எழுதும் ஐந்து கோடுகளும் அவற்றுக்கு இடையிலுள்ள நான்கு இடைவெளிகளும் ஓர் ஏணியைப் போன்றவை. புள்ளி மேலே ஏறினால் சுருதி ஏறும். கீழே இறங்கினால் இறங்கும். கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்குப் போவது ஒரு படி. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒன்றைத் தாண்டுகிறோம். எழுத்துகளை மட்டும் உருப்போடும் பிள்ளைக்கு இந்த ஏற்ற இறக்கம் கண்ணில் படுவதில்லை. கையாலும் காலாலும் தொட்டுப் பழகினால் எளிதில் பிடிபடும்.

கைவிரலில் தொடங்கலாம்

இடது உள்ளங்கையை நெஞ்சுக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்து, விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் கீழே, கட்டைவிரல் மேலே. ஐந்து விரல்களும் ஐந்து கோடுகள். ‘ட்ரெபிள் கிளெஃப்’ குறியீட்டில் சுண்டுவிரல் ஈ, மோதிரவிரல் ஜி, நடுவிரல் பி, ஆள்காட்டி விரல் டி, கட்டைவிரல் எஃப். விரலிடுக்குகள் கீழிருந்து எஃப், ஏ, சி, ஈ. பேருந்தில் போகும்போதுகூட விளையாடலாம்.

கையை வைத்து இசை கற்பிப்பது புதிதல்ல. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியத் துறவி குயிடோவின் பெயரால் வழங்கும் ‘குயிடோவின் கை’ முறையில், விரல் கணுக்களையே சுரங்களுக்கான இடங்களாகக் கொண்டு பாடகர்களுக்குக் கற்பித்தார்கள்.

அடுத்து, பாண்டி ஆட்டம்

வரவேற்பறைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் ஓர் அடி இடைவெளி விட்டு ஐந்து கோடுகள் ஒட்டுங்கள். ‘ஜி’ என்று நீங்கள் சொன்னால் பிள்ளை கீழிருந்து இரண்டாம் கோட்டில் குதித்து நிற்க வேண்டும். பிறகு முறையை மாற்றுங்கள்: பிள்ளை குதிக்கட்டும், அக்காவோ அண்ணனோ அதை கீபோர்டில் வாசிக்கட்டும். ஒவ்வொரு குதிப்புக்கும் ஒலி கேட்க வேண்டும். இல்லையென்றால் இது வெறும் எழுத்து விளையாட்டாகிவிடும்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பள்ளி ஏட்டில் ‘கோட்டின்மேல்’ என்றால் எழுத்து கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். இசையிலோ கோடு புள்ளியின் நடுவே ஊடுருவிப் போகும். டேப்பை மிதித்து நின்றால் கோடு. இரண்டு டேப்புகளுக்கு நடுவே நின்றால் இடைவெளி.

கர்நாடக இசையும் கற்கும் பிள்ளையா? சரளி வரிசையைப் படிப்படியாக நடந்தும், தாட்டு வரிசையைத் தாவியும் காட்டச் சொல்லுங்கள். ஆனால் ‘ச’ என்றால் ‘சி’ என்று ஒட்டவைத்துவிடாதீர்கள். பாடுபவரின் சுருதிக்கேற்ப ‘ச’ இடம் மாறும், ‘சி’ மாறாது.

பிறகு, சட்டைப் பொத்தான்

பெரிய தாளில் ஐந்து கோடுகள் வரைந்து, கொஞ்சம் பொத்தான்களோ 20 காசு நாணயங்களோ கொடுங்கள். மூன்று சுரங்களை வாசித்துக் காட்டினால், அது ஏறுகிறதா, இறங்குகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பிள்ளை பொத்தான்களை அடுக்கட்டும். பிறகு தானாகவே ஒரு மெட்டை அடுக்கி வாசித்துப் பார்க்கட்டும். எழுதிப் பார்த்த பிள்ளைக்குப் படிப்பது சுலபம்.

ஒன்பது இடங்களையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். ‘மிடில் சி’, இரண்டாம் கோட்டு ‘ஜி’ ஆகிய இரண்டும் மனத்தில் பதிந்தால் போதும். மற்றவற்றை அங்கிருந்து ஏறியும் இறங்கியும் எண்ணிக் கண்டுபிடிக்கலாம். நாளுக்குப் பத்து நிமிடம் தாராளம். விளையாடிய கையோடு புத்தகத்தைத் திறந்து, அதே சுரங்கள் எங்கே வருகின்றன என்று தேடச் சொல்லுங்கள். அப்போதுதான் தரையில் கற்றது தாளுக்கு வந்து சேரும்.

உங்களுக்கு இசைக்குறி தெரியாதே என்று தயங்க வேண்டாம். பிள்ளையையே ஆசிரியராக்கி, கோடுகளில் நீங்கள் குதியுங்கள். தவறான கோட்டில் நின்றால் திருத்தும் சந்தோஷத்தை எந்தப் பிள்ளையும் விடாது. பென்சில் எழுத்துகளை ஒரே நாளில் அழிக்கவும் வேண்டாம். நாளுக்கு ஒரு வரியாக, பிள்ளையின் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.