டென்னிஸ் சங்கம் என்ன செய்கிறது?

(மூன்றாம் ஆண்டு, வரலாறு)

டென்னிஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது விம்பிள்டன் புல்தரையும் கோப்பையை உயர்த்திப் பிடித்த வீரரின் புகைப்படமுமே. அந்த வீரர் எந்தப் படிகளில் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தார், அப்படிகளை அமைத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. நம் நாட்டில் அந்தப் பொறுப்பு அகில இந்திய டென்னிஸ் சங்கத்தினுடையது. அதன் பணியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைப்பு

இச்சங்கம் 1920-இல் தோன்றியது. மறு ஆண்டே இந்தியா டேவிஸ் கோப்பைப் போட்டியில் கலந்துகொண்டது. மாநிலச் சங்கங்கள் இதன் உறுப்பினர்கள். மாநிலச் சங்கங்களின் கீழ் மாவட்டச் சங்கங்களும் மன்றங்களும் இயங்குகின்றன. மேலே பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்புடன் இது இணைந்துள்ளது. அந்த இணைப்பு இருப்பதால்தான் இந்திய அணி உலகப் போட்டிகளில் நாட்டின் பெயரால் ஆட முடிகிறது.

போட்டிகள் என்னும் ஏணி

சங்கத்தின் அன்றாட வேலை போட்டிகளை ஒழுங்குபடுத்துவதாகும். 12, 14, 16, 18 வயதுக்கு உட்பட்டோர் எனச் சிறுவர் சிறுமியர் பிரிக்கப்படுகின்றனர். சங்கத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்ட ஒருவர், அங்கீகாரம் பெற்ற போட்டியில் எத்தனை சுற்று முன்னேறுகிறாரோ அதற்கேற்பப் புள்ளிகள் பெறுவார். போட்டியின் தரம் உயர உயரப் புள்ளிகளும் கூடும். இப்புள்ளிகளைக் கூட்டியே தேசியத் தரவரிசை தயாரிக்கப்படுகிறது. பெரிய போட்டியில் நேரடியாக நுழைவதா, தகுதிச் சுற்றில் ஆடி நுழைவதா என்பதை இந்த வரிசையே முடிவு செய்கிறது. நடுவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் பயிற்சி அளிப்பதும் சங்கத்தின் கடமையே.

நாட்டின் அணி

டேவிஸ் கோப்பைக்கும் பெண்களுக்கான பில்லி ஜீன் கிங் கோப்பைக்கும் அணியைத் தேர்ந்தெடுப்பது சங்கந்தான். டேவிஸ் கோப்பையில் இந்தியா 1966, 1974, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளில் இறுதிச் சுற்றை எட்டியது. இவற்றுள் 1974 மறக்க முடியாதது. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் ஆகியோர் ஆடிய அணி இறுதிக்கு வந்தபோது எதிரில் நின்றது தென்னாப்பிரிக்கா. அந்நாட்டு அரசின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. களத்தில் ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கோப்பையைக் கொள்கைக்காக விட்டுக்கொடுத்த அம்முடிவு, விளையாட்டுச் சங்கத்தின் வேலை வெற்றி தோல்வியோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்குச் சான்று.

உள்ளூரில் உலகப் போட்டி

ஆட்டத்தைப் பரப்பச் சிறந்த வழி, பெரிய போட்டிகளை நம் ஊரிலேயே நடத்துவதாகும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்களுக்கான பன்னாட்டுப் போட்டி ஆண்டுதோறும் நடந்தது. இத்தகைய போட்டிகளில், தரவரிசையில் பின்தங்கிய உள்நாட்டு வீரர் சிலருக்குச் சிறப்பு அனுமதி வழங்கலாம். 2009-இல் அவ்வாறு நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன் இறுதி ஆட்டம் வரை சென்றார். வெளிநாட்டுப் பயணச் செலவு இன்றிக் கிடைத்த ஒரு வாய்ப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை அது காட்டியது.

அடிப்படி எங்கே?

ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்ற இராமநாதன் கிருஷ்ணனுக்குப் பயிற்சி அளித்தவர் அவருடைய தந்தை. 1979-இல் அதே பட்டத்தை வென்ற ரமேஷ், கிருஷ்ணனின் மகன். 1990-இல் வென்ற லியாண்டர் பயஸ், சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தார் ஒரு நிறுவனத்தின் துணையுடன் நடத்திய பயிற்சி மையத்தில் வளர்ந்தவர். சங்கம் தேர்ந்தெடுத்தது, உருவாக்கியது பெரும்பாலும் வீடும் தனியார் முயற்சியும்.

அப்படியானால், அப்பா ஆட்டக்காரராக இல்லாத பிள்ளைக்கு வழி என்ன? நம் கல்லூரி மைதானத்தில் கபடிக்கும் கைப்பந்துக்கும் களம் உண்டு, டென்னிசுக்கு இல்லை. மட்டை, பந்து, பயிற்சிக் கட்டணம், ஊர் ஊராகச் சென்று புள்ளி சேர்க்கும் செலவு ஆகியவை கூலி வேலை செய்யும் பெற்றோரால் தாங்கக்கூடியவை அல்ல. ஏணியின் மேற்படிகள் உறுதியாக உள்ளன. தரையிலிருந்து முதற்படிக்குக் கால் எட்டவில்லை.

அந்த முதற்படியை மாவட்டச் சங்கங்களும் அரசுப் பள்ளி, கல்லூரிகளும் கைகோத்து அமைக்க வேண்டும். மாவட்டந்தோறும் ஒரு பொது ஆடுகளம், இரவல் கொடுக்கப் பத்து மட்டைகள், மாலையில் வந்து கற்றுத்தர ஒரு பயிற்சியாளர்: தொடக்கத்திற்கு இவை போதும். அடுத்த கிருஷ்ணன் எந்தத் தெருவில் பிறந்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?