பால்கோவாவும் சிமெண்டும் போடும் கெமிஸ்ட்ரி கணக்கு!

'மோல்' என்று சொல்லிப் பாருங்கள். ஆபீஸில் லட்சக்கணக்கில் பில் பாஸ் பண்ணுகிற ஆசாமிகூட, "ஐயையோ, அதுக்கு பயந்துதானே ஸார் நான் காமர்ஸ் பக்கம் ஓடி வந்தேன்!" என்பார். நம் பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தில் முதல் பாடமே இந்தக் கணக்குகள்தான். வாசல்படியிலேயே தடுக்கி விழ வைத்தால் உள்ளே எத்தனை பேர் வருவார்கள்?

இத்தனைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் ஒரு டவுன் பஸ் டிக்கெட் எடுத்தால் போதும், முக்கால்வாசிப் பாடம் முடிந்துவிடும்.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சமாச்சாரம். விறகு அடுப்பு, அகலமான சட்டி, வியர்வை வழியக் கிண்டுகிற மாஸ்டர். 10 லிட்டர் பால், ஒண்ணேகால் கிலோ சர்க்கரை என்று வைத்துக் கொள்வோம். பால் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல், ஆக 10.3 கிலோ. சர்க்கரையும் சேர்ந்தால் சட்டியில் பதினொன்றரை கிலோ. இறக்கும்போது மூன்றரை கிலோ இருக்கிறது. மீதி எட்டு கிலோ எங்கே? மாஸ்டரைச் சந்தேகப்படாதீர்கள். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். அது ஆவியாகப் போய்விட்டது.

இப்படி 'போனது எங்கே?' என்று கையில் தராசோடு துருவித் துருவிப் பார்த்தவர் பிரான்ஸின் லவாய்சியர். மாறுதலுக்கு முன்னால் எத்தனை எடையோ, பின்னாலும் அத்தனையே; வரவும் செலவும் டாலி ஆகணும் என்றார். சொல்ல மாட்டாரா பின்னே? மனிதர் வரி வசூல் கம்பெனியில் பங்குதாரர்! 1794-ல் புரட்சிக்காரர்கள் அவர் தலையை வெட்டினார்கள். காரணம் கெமிஸ்ட்ரி இல்லை, அந்த வரிதான்.

அதே அடுப்படியில் இன்னொரு கணக்கு. கையில் 30 லிட்டர் பால் இருக்கிறது, சர்க்கரை 2 கிலோதான். மேலே சொன்ன அளவுப்படி 2 கிலோ சர்க்கரை 16 லிட்டர் பாலுக்குத்தான் காணும். மிச்சம் 14 லிட்டரை வைத்துக்கொண்டு காபி போடலாம், கோவா கிண்ட முடியாது. முதலில் தீர்ந்துபோய் வேலையை நிறுத்துகிற இந்தச் சர்க்கரைக்குப் பாடநூல் வைத்திருக்கும் பெயர்: வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. பெயரைக் கேட்டுத்தான் பையன் பயப்படுகிறான். விஷயத்தைக் கேட்டு அல்ல.

சரி, மோல்? பாங்கில் ஒரு மூட்டை சில்லறை வருகிறது. ஒரே மாதிரி காசு. ஒவ்வொன்றாக எண்ணினால் பொழுது விடிந்துவிடும். ஒரு காசின் எடை தெரிந்தால் மூட்டையை நிறுத்தே எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். அணுக்களுக்கும் இதே குறுக்கு வழிதான். ரீம் என்றால் 500 தாள். மோல் என்றால் 6-க்குப் பக்கத்தில் 23 சைபர் போட்ட அளவு, கொஞ்சம் கூடுதல். 12 கிராம் கார்பனில் அத்தனை அணுக்கள். அவ்வளவுதான் மோல்!

இனி ராஜபாளையம். 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் ராம்கோ குழுமம், பஞ்சோடு நிற்காமல் சிமெண்டுக்கும் போயிற்று. ஆலை இருப்பது விருதுநகர் பக்கம் ஆர்.ஆர். நகரில். சிமெண்டுக்கு மூலம் சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட். கால்சியம் 40, கார்பன் 12, ஆக்ஸிஜன் மூன்று பதினாறு 48. கூட்டினால் ரவுண்டாக 100! பரீட்சைக்காகவே படைக்கப்பட்ட கல்.

அதைச் சுட்டால் 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 பங்கு கார்பன் டை ஆக்ஸைடாகப் பறந்துவிடும். கிராமானாலும் சரி, டன்னானாலும் சரி, விகிதம் மாறாது.

இந்த 44-ஐ வைத்துக் கல்லின் வண்டவாளத்தையே கண்டுபிடிக்கலாம். 100 கிராம் காய்ந்த கல்லைச் சுட்டபின் 60.4 கிராம் நிற்கிறது என்றால், பறந்தது 39.6. அதை 44-ஆல் வகுத்தால் 0.9. கல்லில் 90 சதவீதம்தான் சரக்கு, மீதி மண்ணும் மணலும்! ஆலை லேப்களில் கெமிஸ்டுகள் இந்த மாதிரி சோதனை செய்துதான் சம்பளம் வாங்குகிறார்கள். பிளஸ் ஒன்னில் பயந்து ஓடியவர் விட்டுவிட்டுப் போன நாற்காலி அது.

விவகாரமும் இந்த 44-ல்தான். சிமெண்டாக அரைபடுவதற்கு முந்தைய உருண்டைக்குக் கிளிங்கர் என்று பெயர். ஒரு டன் கிளிங்கரில் சுமார் 650 கிலோ சுட்ட சுண்ணாம்பு. 650-ஐ 44-ஆல் பெருக்கி 56-ஆல் வகுங்கள். 510 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு! இது கல்லிலிருந்து மட்டும். எரிக்கிற நிலக்கரியின் புகை தனி. அடுப்பைச் சூரிய ஒளியிலேயே எரித்தாலும் இந்த 510 கிலோ வந்தே தீரும். உலகம் முழுக்க மனிதன் வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடில் ஏழெட்டு சதவீதம் சிமெண்ட் கணக்கில் விழுவது இதனால்தான். அனல் மின் நிலையத்துச் சாம்பலைக் கலந்து கிளிங்கரைக் குறைப்பதும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலை கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். சிமெண்ட் இல்லாத காலத்துக் கட்டடம். செங்கல்லைப் பிடித்து வைத்தது சுண்ணாம்புச் சாந்து. 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு 18 பங்கு தண்ணீரைக் குடித்து 74 பங்கு நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். பூசியபின் வருஷக்கணக்கில் காற்றிலிருந்து 44 பங்கு கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு, 18 பங்கு தண்ணீரை வெளியே விட்டு, பழையபடி 100 பங்கு கல்லாக இறுகிவிடும். சூளையில் பறந்த அதே 44!

74-ம் 44-ம் எத்தனை? 118. 100-ம் 18-ம்? போட்டுப் பாருங்கள், ஸார்.